மெழுகு தடுக்கும், வண்ணம் ஓடும்: குழந்தைகளோடு ஒரு கிரேயான் - வாட்டர் கலர் ஓவியம்

முதல் தடவை நான் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஆறு படங்களில் ஐந்து பாழாயின. கிரேயானில் மீன் வரைந்து, மேலே நீல வண்ணத்தைப் பூசினால் மீன் மட்டும் பளிச்சென்று தெரியும் என்று பெரிதாக அளந்துவிட்டிருந்தேன். பூசினார்கள். மீனைக் காணோம். நான்கு வயதுக்காரி ஒருத்தி தாளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீன் முங்கிப் போச்சு" என்றாள்.

குழந்தைகள்மேல் தப்பில்லை. நான் கொடுத்தது புட்டியிலிருந்து அப்படியே ஊற்றிய கெட்டியான போஸ்டர் கலர். அவர்களும் கிரேயானைத் தாளுக்கு வலிக்காமல் தடவியிருந்தார்கள். தப்பித்தது ஒரே ஒரு படம். அதை வரைந்த பையன், ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்காத கோபத்தில் கிரேயான் உடைகிற மாதிரி அழுத்தியிருந்தான்; பிரஷ்ஷையும் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து அடித்தான். அவன் மீன் மட்டும் நீந்தியது.

கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தப் பையனிடம் இருந்தது: கிரேயானை அழுத்த வேண்டும், வண்ணம் நீர்த்து இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் துணைதான்.

ஏன் ஒட்டுவதில்லை?

தாமரை இலைத் தண்ணீர் என்று பேச்சில் சொல்கிறோமே, அதேதான். தாமரை இலையின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. விழுகிற துளி பரவ முடியாமல் முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. கிரேயான் என்பது பாரஃபின் மெழுகும் நிறப்பொடியும் சேர்ந்த கட்டி. வாட்டர் கலர் என்பது நிறப்பொடி, அதைத் தாளோடு பிடித்துவைக்கும் அரபுக் கோந்து, தண்ணீர். தாள் நார்களால் ஆனது என்பதால் தண்ணீரை உறிஞ்சும். மெழுகு படிந்த இடத்தில் நாருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சுவர் வந்துவிடுகிறது. வண்ணம் விலகி ஓடிப் பக்கத்தில் இருக்கிற வெறும் தாளில் இறங்குகிறது.

குழந்தைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு துண்டுத் தாளில் கிரேயானால் கட்டைவிரல் அகலத்துக்கு அழுத்தித் தேய்த்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் பக்கத்து வெறும் தாளில் ஒரு சொட்டும் விடச் சொல்லுங்கள். ஒன்று மேடாக நிற்கும், இன்னொன்று பரவி மறையும். "ஏன்?" என்று அவர்களே கேட்பார்கள். அப்போது சொன்னால் போதும்.

இதே தந்திரத்தைத் துணியில் செய்வதுதான் பாத்திக். ஜாவாவில் உருக்கிய மெழுகைச் சிறு மூக்கு வைத்த செம்புக் கருவியால் துணியில் கோடிழுத்து, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இந்தோனேசியப் பாத்திக்கை 2009-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாளில் செய்வதும் குழந்தை விளையாட்டோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கிய மக்களை 1940-41-ல் சிற்பி ஹென்றி மூர் வரைந்தபோது, மெழுகுக் கிரேயானின்மேல் வாட்டர் கலரை ஓடவிடும் இந்த முறையைத்தான் பெரிதும் கையாண்டார். அந்தப் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். "இது பிள்ளைகள் கிறுக்குவது" என்று சொல்ல வாய் வராது.

நாம் மெழுகை உருக்கப்போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுப்பும் சூடான மெழுகும் சின்னக் குழந்தைகள் இருக்கிற இடத்துக்கு ஆகாது.

என்னென்ன வேண்டும்

கிரேயானில் விலை கூடியது நல்லது என்றில்லை. நகத்தால் கீறினால் மெழுகு சுருளாக வர வேண்டும், அதுதான் அடையாளம். கையில் ஒட்டாத, கடினமான பிளாஸ்டிக் கிரேயான்கள் தாளில் மெல்லிய படலத்தைத்தான் விடும். இந்த வேலைக்கு அவை சோப்ளாங்கி. தண்ணீரில் கரையும் கிரேயான்கள் என்றே ஒரு வகை உண்டு, அவை வேறு வேலைக்கானவை. எளிதில் கழுவிப் போகும் வகை என்று பெட்டியில் போட்டிருந்தால் அதையும் முதலில் துண்டுத் தாளில் சோதித்துவிடுங்கள். ஆயில் பேஸ்டல் இருந்தால் இன்னும் நல்லது. மெழுகோடு எண்ணெயும் கலந்திருப்பதால் மிருதுவாக இருக்கும், லேசாக அழுத்தினாலே தடித்துப் படியும். கையில் வலு குறைந்த சின்னக் குழந்தைகளுக்கு நான் பேஸ்டலைத்தான் கொடுக்கிறேன். ஒரே குறை, கையெல்லாம், சட்டையெல்லாம், சில நேரம் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும்.

வெள்ளை மெழுகுவத்தி ஒன்றும் எடுத்து வையுங்கள். ஏற்றுவதற்கு இல்லை, கோடு போடுவதற்கு.

தாள்தான் பலரும் கோட்டைவிடும் இடம். அச்சுப்பொறிக்குப் போடும் ஏ4 தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் இருக்கும். தண்ணீர் பட்டதும் அது அலை அலையாகச் சுருண்டு, வண்ணமெல்லாம் பள்ளங்களில் குட்டையாகத் தேங்கிவிடும். இரண்டாவது தடவை பிரஷ் போனால் நார் உரிந்து வரும். வாட்டர் கலருக்கென்றே விற்கிற 300 ஜிஎஸ்எம் தாள் மிக வசதி. பழகுவதற்கு 180, 200 ஜிஎஸ்எம் தாளே போதும். பெரிய தாளை வாங்கி நான்காகக் கிழித்துக்கொள்ளலாம். சின்னப் படம் சீக்கிரம் முடியும், குழந்தையின் பொறுமைக்கும் அதுதான் அளவு.

தாளின் சொரசொரப்பையும் கவனியுங்கள். சொரசொரப்பான தாளில் கிரேயான் மேடுகளில் மட்டும் ஒட்டும்; பள்ளங்களில் வண்ணம் இறங்கும். அதனால் கோடு புள்ளி புள்ளியாக, பொரிந்த மாதிரி தெரியும். மழைக்கும் அலைநுரைக்கும் அது பிரமாதம். பெயர் எழுதினால் பாதி எழுத்து காணாமல் போகும். ரொம்பவும் வழவழப்பான, பளபளக்கும் தாளில் தண்ணீரே இறங்காது, அதை விட்டுவிடுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, வில்லைகளாக வரும் சாதாரண வாட்டர் கலர் பெட்டியே போதும். வேலை தொடங்க ஐந்து நிமிடம் முன்பு ஒவ்வொரு வில்லையிலும் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிட்டால் பிரஷ்ஷில் நன்றாக ஏறும். டியூப் என்றால் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து இரண்டு மூன்று தேக்கரண்டித் தண்ணீரில் கரையுங்கள். போஸ்டர் கலர்தான் இருக்கிறது என்றால் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, மை மாதிரி ஓடுகிறதா என்று பாருங்கள். அக்ரிலிக் மட்டும் வேண்டாம். அது காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகி மெழுகின்மேலேயே உட்கார்ந்துவிடும்; துணியில் பட்டாலும் போகாது.

பிரஷ் பெரியதாக இருக்கட்டும். ஒரு அங்குல அகலத் தட்டை பிரஷ், அல்லது 10, 12-ம் எண் உருண்டை பிரஷ். பெட்டியோடு வருகிற ஈர்க்குச்சி மாதிரி பிரஷ்ஷைக் கொடுத்தால் குழந்தை தாளை நிரப்புவதற்குள் முதலில் பூசிய பகுதி காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். அப்புறம் இரண்டு கோப்பைத் தண்ணீர் (ஒன்று பிரஷ் அலச, ஒன்று வண்ணம் கரைக்க), மாஸ்கிங் டேப், தாளை ஒட்ட ஒரு அட்டை அல்லது பலகை, பழைய துணி, டிஷ்யூ. அவ்வளவுதான்.

மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கிரேயான் துண்டுகள் வாய்க்குப் போகும். தொண்டையில் சிக்கும் அளவு துண்டுகளைக் கையில் கொடுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். கலர் வாங்கும்போது பெட்டியில் ஈஎன் 71 அல்லது ஏஎஸ்டிஎம் டி-4236 என்று போட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. முதலாவது ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்புத் தரம், இரண்டாவது ஓவியப் பொருள்களில் உடல்நலக் கேடு உண்டா என்று ஆராய்ந்து முத்திரையிடும் அமெரிக்கத் தரம்.

தாளை ஒட்டுவது

தாளின் பின்பக்கத்தில் பெயரையும் தேதியையும் பென்சிலால் இப்போதே எழுதிவிடுங்கள். ஐந்து நீலத் தாள்கள் காயும்போது எது யாருடையது என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதைத் தவிர்க்கலாம். பிறகு தாளை அட்டைமேல் வைத்து நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அரை அங்குலம் தாளின்மேல், மீதி அட்டையின்மேல். தாள் சுருளாமல் இழுத்துப் பிடிக்கும். கடைசியில் உரித்தால் சுற்றிலும் சுத்தமான வெள்ளைக் கரை கிடைக்கும். அந்தக் கரை ஒன்றே சாதாரணக் கிறுக்கலைச் சட்டம் போட்ட படமாக்கிவிடும். டேப் ரொம்பப் பிசுபிசுப்பாக இருந்தால் ஒட்டுவதற்கு முன்பு துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துவிடுங்கள்.

வரைவது

என்ன வரைவது என்பதைக் குழந்தையே சொல்லட்டும், எவ்வளவு பெரிதாக என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். இந்த முறைக்குப் பெரிய உருவங்களும் தடித்த கோடுகளும்தான் ஒத்துவரும். உள்ளங்கை அளவு மீன், தாள் முழுக்க ஒரு சிலந்திவலை, நிலாவும் நட்சத்திரங்களும், ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழை. முகம், கை விரல், சட்டைப் பொத்தான் என்று நுணுக்கமாகப் போகிற குழந்தைக்கு இது முதல் நாளில் ஏமாற்றம் தரலாம். அவர்களைக் கடலுக்கடியில் அனுப்பிவிடுங்கள், பாசியும் குமிழியும் பவளமும் எப்படிப் போட்டாலும் அழகுதான்.

பென்சிலில் முதலில் வரையலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பது என் கட்சி. பென்சில் கோட்டின்மேல் மெழுகு படிந்துவிட்டால் அழிரப்பருக்கு அது கிட்டாது. வாட்டர் கலரும் அதை மறைக்காது. கட்டாயம் வேண்டும் என்றால் மிக லேசாகப் போட்டு, மெழுகு படுவதற்கு முன்பே தேவையில்லாததை அழித்துவிட வேண்டும்.

நிறத் தேர்வில் ஒரே விதி: மேலே ஓடப்போகும் வண்ணத்துக்குக் கிரேயான் எதிராக நிற்க வேண்டும். நீலக் கடலுக்குள் நீலக் கிரேயானால் மீன் வரைந்தால் மெழுகு தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், இளம்பச்சை ஆகியவை அடர்ந்த வண்ணத்துக்குள் எரியும். கறுப்பும் நன்றாக நிற்கும், வெளிர் வண்ணம் பூசுவதாக இருந்தால்.

இனி அழுத்தம். "அழுத்தி வரை" என்று சொன்னால் குழந்தைகள் தலையாட்டிவிட்டுப் பழையபடியே தடவுவார்கள். வேறு வழிகளில் வர வேண்டும். கிரேயானின் காகித உறையை உரித்து இரண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளக் கிரேயான் உடைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பாதிக் குழந்தைகள் அழுத்துவதில்லை. ஏற்கெனவே உடைந்ததை யார் உடைக்க முடியும்? நாற்காலியை எடுத்துவிட்டு நின்றுகொண்டு வரையச் சொல்லுங்கள், தோளின் எடையும் சேர்ந்து இறங்கும். தாளை அட்டையில் ஒட்டும்போதே அடியில் ஒரு செய்தித்தாள் மடிப்பை வைத்துவிட்டால் மெழுகு இன்னும் நன்றாகப் பதியும். ஒரே கோட்டை மூன்று முறை போகச் சொல்வதும் பலிக்கும், "இது ரயில் தண்டவாளம், ரயில் மூன்று தடவை போக வேண்டும்" என்றால் நான்கைந்து தடவை போவார்கள்.

முடித்ததும் தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மெழுகு நன்றாகப் படிந்த இடம் மினுங்கும். மங்கலாகத் தெரிகிற இடத்தைக் குழந்தையிடம் காட்டி இன்னொரு தடவை தேய்க்கச் சொல்லுங்கள். கிரேயானை நீங்கள் வாங்கி நிரப்பிவிடாதீர்கள். எனக்கும் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கோட்டை முழுவதுமாக மூடுவதில் இன்னொரு லாபம் உண்டு. மெழுகுக் கோடு வயல் வரப்பு மாதிரி. இடைவெளி இல்லாமல் சுற்றிவந்த வட்டத்துக்குள் விட்ட தண்ணீர் உள்ளேயே நிற்கும். மீனுக்குள் ஆரஞ்சு, வெளியே நீலம் என்று கலக்காமல் பூசலாம். வரப்பில் ஓட்டை இருந்தால் அந்த வழியாக நீலம் நுழையும், அதுவும் சில நேரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பூசத் தொடங்குவதற்கு முன் மெழுகுத் துணுக்குகளை ஊதிவிடுங்கள். கையால் துடைத்தால் தாள் முழுக்க இழுவிவிடும். இழுவிய இடத்திலெல்லாம் வண்ணம் ஒட்டாமல் வெண்திட்டு விழும்.

வண்ணம் ஓடவிடுவது

இரண்டு அல்லது மூன்று வண்ணங்கள் போதும், அதுவும் ஒன்றுக்கொன்று உறவாக இருப்பவை: நீலமும் பச்சையும், நீலமும் ஊதாவும், மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும். பெட்டியில் இருக்கிற பன்னிரண்டையும் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து சேற்று நிறம் ஆகிவிடும். மஞ்சளும் ஊதாவும், சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் ஈரத்தில் சேர்ந்தால் பழுப்புதான். அவை இரண்டும் வேண்டும் என்று குழந்தை பிடிவாதம் பிடித்தால், முதல் வண்ணம் காய்ந்தபிறகு இரண்டாவது, அல்லது முன்னே சொன்ன வரப்பு.

அட்டையின் மேல்முனைக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைத்து லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை நிறைய நனைத்து, மேலே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. கோட்டின் கீழ்விளிம்பில் தண்ணீர் திரண்டு நிற்கும். அந்தத் திரளைத் தொட்டுக்கொண்டே அடுத்த இழுப்பு. இப்படி இறங்கி வந்தால் திட்டு விழாது. கடைசியில் அடிவிளிம்பில் தேங்குவதை, பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பிரஷ் மெழுகின்மேல் போகும் நொடி, பார்க்கிற எல்லோருக்கும் அதுதான் திருவிழா. போன இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேய்க்கத் தொடங்குவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். தேய்க்கத் தேய்க்க வண்ணம் மெழுகின் சின்னச் சின்ன இடைவெளிகளில் புகுந்துவிடும். ஈரத் தாளும் நார் நாராக உரியும். பூனையைத் தடவுகிற மாதிரி ஒரே திசையில், மெதுவாக என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பூனை பிராண்டாத வேகம்.

கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் இன்னொரு வழி காட்டலாம். முதலில் வெறும் தண்ணீரை மட்டும் தாள் முழுவதும் பூசுங்கள், குளம் கட்டாமல், பளபளப்பாக. அந்த ஈரத்தின்மேல் பிரஷ் நுனியால் நீலத்தை ஒரு இடத்தில் தொட்டு வைத்தால் அது தானாகவே கிளை விட்டுப் பரவும். பக்கத்தில் பச்சை. இரண்டும் சந்திக்கிற இடத்தில் யாரும் கலக்காத ஒரு நிறம் உண்டாகும். மெழுகுக் கோடுகள் மட்டும் அசையாமல் நிற்கும்.

வண்ணம் கொஞ்சம் அடர்த்தியாகவே இருக்கட்டும். காய்ந்தால் வாட்டர் கலர் வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிகிற நீலம் காய்ந்தபின் பாதி உயிரோடுதான் இருக்கும். அடர்த்தி என்றால் கெட்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம் கூடுதலாக, ஆனால் ஓடுகிற பதத்தில்.

மெழுகின்மேல் குட்டிக் குட்டித் துளிகள் நிற்கும். விட்டுவிட்டால் நிறப்புள்ளிகளாகக் காயும். எனக்கு அது பிடிக்கும், மீனுக்குச் செதில் முளைத்த மாதிரி இருக்கும். பிடிக்காதவர்கள் டிஷ்யூவின் நுனியை மெல்லத் தொட்டு எடுக்கலாம். ஒற்றி எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது.

காயவைப்பது

படுக்கைவசமாக வைத்துத் தானாகக் காயவிடுங்கள். தாளின் கனத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகலாம். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாகத் தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அவசரத்துக்கு முடி உலர்த்தும் கருவியைச் சூடாக வைத்துக் காட்டினால் மெழுகு இளகிப் பரவும். குளிர்காற்றில், தள்ளி வைத்துக் காட்டலாம். கொளுத்தும் வெயிலும் வேண்டாம்.

நன்றாகக் காய்ந்தபிறகே டேப்பை உரிக்க வேண்டும். செங்குத்தாகப் பிடுங்காமல், டேப்பை அதன்மேலேயே மடித்துப் படத்தைவிட்டு வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். தாள் கொஞ்சம் வளைந்திருந்தால் மேலும் கீழும் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்துக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு போட்டுவிடுங்கள்.

லேமினேட் செய்யலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டுகிற இயந்திரம் நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். பாரஃபின் மெழுகோ ஐம்பது, அறுபது டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். ஒரு பெண் குழந்தை மூன்று நாள் பார்த்துப் பார்த்துச் செய்த இரவு வானத்தை நான் இப்படிக் கொடுத்து, நட்சத்திரங்களெல்லாம் வழிந்துபோய்த் திரும்பி வாங்கினேன். அவளிடம் அதைச் சொன்ன மாலையை மறக்க முடியாது. கண்ணாடிச் சட்டமோ, வெறும் பிளாஸ்டிக் உறையோ போதும்.

சரியாக வரவில்லையென்றால்

படம் மொத்தமாக மூழ்கிப்போனால் வண்ணம் கெட்டி, அல்லது கிரேயான் மெல்லியது. எது என்று தெரிய ஒரு துண்டுத் தாளில் மெழுகுவத்தியால் அழுத்திக் கோடு போட்டு அதே வண்ணத்தைப் பூசிப் பாருங்கள். மெழுகுவத்திக் கோடு தெரிந்தால் குற்றவாளி கிரேயான். அதுவும் தெரியாவிட்டால் வண்ணம். மூழ்கிய படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றினால் ஓரளவு மீளும். காய்ந்தபிறகு அதே கோடுகளின்மேல் ஆயில் பேஸ்டலால் திரும்பப் போகலாம், முங்கிய மீன்கள் பல இப்படிக் கரை ஏறியிருக்கின்றன. ஈரத் தாளில் மட்டும் கிரேயானை வைக்காதீர்கள், ஒட்டவும் ஒட்டாது, தாளும் கிழியும்.

கை பழகியபின்

ரகசியக் கடிதம். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானாலோ மெழுகுவத்தியாலோ நீங்கள் எழுதி வைத்துவிடுங்கள். குழந்தை வண்ணம் பூசிக் கண்டுபிடிக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிற வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. எழுதும்போது எங்கே எழுதினோம் என்று தெரியாது என்பதுதான் சிரமம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள், எழுத்து ஒவ்வொன்றும் மூன்று விரல் உயரம் இருக்கட்டும். குழந்தைகள் எழுதிப் பெரியவர்கள் கண்டுபிடிப்பது இன்னும் குஷி.

இலைப்படம். நரம்பு புடைத்த இலையைக் கவிழ்த்து வைத்து, மேலே தாள் போட்டு, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் தாளில் ஏறும். அதன்மேல் பச்சையோ சிவப்போ ஓடவிடலாம். 300 ஜிஎஸ்எம் தாளில் நரம்பு தெரியாது, இதற்கு மட்டும் 120 ஜிஎஸ்எம் அளவு மெல்லிய தாள் எடுங்கள். தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலை நொறுங்கும், அப்போதுதான் உதிர்ந்த இலை சரியாக இருக்கும்.

உப்பு. பூசிய வண்ணத்தின் பளபளப்பு அடங்கப்போகும் தருவாயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியிருக்கும் நீரை இழுத்து, நடுவில் வெளிறிய பூ மாதிரி ஒரு தடம் விடும். குளமாக இருக்கும்போது தூவினால் கரைந்துபோகும்; காய்ந்தபின் தூவினால் ஒன்றும் நடக்காது. முழுக்கக் காய்ந்ததும் கையால் தட்டிவிடலாம். பனி, நட்சத்திர வானம், கடல் மணல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கையில் கீறல் இருக்கிற குழந்தை உப்பைத் தொட வேண்டாம்.

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் இருந்தால் அடுக்கு முறைக்குப் போகலாம், இதுதான் பாத்திக் செய்பவர்களின் வழி. முதலில் தாள் முழுக்க வெளிர் மஞ்சள் பூசிக் காயவிடுங்கள். மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை வெள்ளைக் கிரேயானால் மூடுங்கள். அதன்மேல் ஆரஞ்சு, மறுபடி காயவிட்டு, ஆரஞ்சாகவே நிற்க வேண்டியதை மூடுங்கள். கடைசியாகக் கருநீலம். இருட்டில் ஊர் விளக்குகள் எரிகிற மாதிரியான படம் வரும். ஒவ்வொரு அடுக்கும் முழுசாகக் காய வேண்டும், அதனால் ஒரே உட்காரலில் முடியாது. இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். எதை இப்போது மூடுவது, எதை விட்டுவைப்பது என்று பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டியிருப்பதால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது நிலாவை மூட மறந்தது நான்தான்.

வேலை முடிந்ததும் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்போடு அலசி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். முடி கீழே இருக்கும்படி கோப்பையில் நிறுத்தினால் வளைந்துபோகும். மேசையில் ஒட்டிய மெழுகைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி எடுக்கலாம். உடைந்த கிரேயான் துண்டுகளைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த முறைக்கு முழுக் கிரேயானை உடைக்க வேண்டியிருக்காது.